பூங்கா இடத்தைப் பணம் கட்டி மனையாக்க முடியுமா?

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம், நான்கு ஏக்கரில் போட்ட மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். 2020-ல் அங்கீகாரம் பெற்றது. வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடத்தில் இப்போது கல் நட்டு மனை விற்கிறார்கள். கேட்டால், "பூங்காவுக்குப் பதிலாக அரசுக்குப் பணம் கட்டியாகிவிட்டது" என்கிறார் தரகர். "நாட்டில் காடு பெருகிவிட்டது என்று அரசே சொல்கிறது, முப்பது சென்ட்டுக்கு ஏன் சண்டை?" என்றும் கேட்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: அந்தத் தரகர் சொல்வதை நம்பாதீர்கள், அம்மா. உங்கள் மனைப்பிரிவுக்கு அந்தச் சலுகையே கிடையாது.

முதலில் காட்டுக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2023-ஆம் ஆண்டுக்கான தேசிய வன அறிக்கைப்படி, காடும் மரங்களும் சேர்ந்த பரப்பு 2021-ஐவிட 1,445 சதுர கிலோமீட்டர் கூடியிருக்கிறது. அதில் காட்டின் பங்கு வெறும் 156. மற்றதெல்லாம் காட்டுக்கு வெளியே நிற்கும் மரங்கள். அந்தக் 'காடு' என்பதிலும் ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் இருந்தால் போதும். தைலமரத் தோப்பும் காடுதான், காவேரிப்பட்டணத்து மாந்தோப்பும் காடுதான். இங்கே மாந்தோப்பை வெட்டி மனை போட்டு, வேறெங்கோ தைலமரம் வளர்ந்தால் கூட்டுத்தொகை குறையாது. உங்கள் முப்பது சென்ட் பூங்கா ஒரு ஹெக்டேரில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அது இருந்தாலும் போனாலும் காட்டுப் பரப்பு என்ற எண்ணில் ஒன்றும் தெரியாது. அந்த எண்ணைக் காட்டி உங்கள் வாயை அடைப்பது அநியாயம்.

இனி பணம் கட்டும் கதை. 2019-இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இதற்கு மூன்று படிகள் உண்டு. மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறத்தாழ 74 சென்ட் வரை இருந்தால் பூங்கா விட வேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரை, நம் கணக்கில் 2 ஏக்கர் 47 சென்ட் வரை, சாலை போக மீதியில் பத்து விழுக்காடு இடம் விடலாம். அல்லது அந்த இடத்துக்கு வழிகாட்டி மதிப்பின்படி பணம் கட்டலாம். பணம் கட்டும் வழி இந்த நடுப்படிக்கு மட்டும்தான். அதையும் அங்கீகாரம் வாங்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். வரைபடத்தில் பூங்காவைக் காட்டி, அதைச் சொல்லியே மனைகளை விற்றுவிட்டு, ஆண்டுகள் கழித்துப் பணம் கட்டிப் பூங்காவை மீட்டுக்கொள்ள விதியில் வழியில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மூன்றாவது படியில் இடத்தை விட்டே ஆக வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்கவும் வேண்டும். உங்களுடையது நான்கு ஏக்கர். சாலைகளைக் கழித்துப் பார்த்தாலும் மூன்றாவது படிதான்.

புதிதாக மனை வாங்கப் போகிறவர்களும் இந்த 74 சென்ட்டை மனத்தில் வையுங்கள். மூன்று ஏக்கர் தோப்பை வாங்கி, மனைவி பெயரில் ஒரு துண்டு, மைத்துனர் பெயரில் ஒரு துண்டு என்று ஒவ்வொன்றையும் 74 சென்ட்டுக்குள் அடக்கித் தனித்தனியாக அங்கீகாரம் கேட்பார்கள். தாளில் நான்கைந்து மனைப்பிரிவு, தரையில் ஒன்றே. குழந்தை விளையாட ஓரடி இடம் இருக்காது. ஒரே நுழைவு வளைவு, ஒரே பெயர்ப்பலகை, பூங்கா மட்டும் இல்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்பதையும் நம்ப வேண்டாம். மனைப்பிரிவுக்கு ஊராட்சித் தலைவர் போடும் கையெழுத்து மட்டும் அங்கீகாரம் ஆகாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. பூங்கா இடத்தின் சர்வே எண்ணுக்குப் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 2020-ஐ ஒட்டி உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அடுத்துப் பட்டா. ஓட்டை இருப்பது இங்கேதான். தானம் பதிவாகியிருக்கும், பட்டா மட்டும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அந்தப் பட்டாவைக் காட்டித்தான் விற்கிறார்கள். பத்திரம் ஒரு துறை, பட்டா ஒரு துறை, அங்கீகாரம் வேறொரு துறை. மூன்றிடமும் கணினி இருக்கிறது. இருந்தும், தானமாக வந்த நிலத்தை உட்பிரிவு செய்து தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள உள்ளாட்சிக்கு ஆண்டுக்கணக்கில் நேரம் கிடைப்பதில்லை. இலவசமாக வந்த பொதுச் சொத்தை இப்படியா காப்பது?

மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போட்டு, அங்கீகரித்த வரைபடத்தின் சான்றிட்ட நகலைக் கேளுங்கள். தரகர் காட்டும் வண்ணத்தாள் எதற்கும் உதவாது. நகல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வில்லங்கத்தில் தானப் பத்திரம் இருந்தால், அதன் எண்ணைக் குறிப்பிட்டுச் சார்பதிவாளரிடம் இன்றே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். உள்ளாட்சிக்குச் சொந்தமான நிலத்தை வேறொருவர் விற்கும் பத்திரத்தைப் பதியக்கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடுக்கிறது. உங்கள் இடம் மாநகராட்சிக்குள் இருந்தால் ஆணையருக்கும், ஊராட்சிக்குள் இருந்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் பட்டா மாற்றக் கோரி மனு கொடுங்கள். மனையில் குடியிருப்பவர்கள் கூடிக் கையெழுத்திட்டால் நல்லது. திங்கட்கிழமை ஆட்சியரின் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதன் நகலைக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

அசையவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றம்தான். பக்கத்து பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கில், அது செல்லாது என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மருத்துவமனைக்கே கிடைக்காத இடம் மனை வியாபாரிக்கு எப்படிக் கிடைக்கும்? அங்கே யாராவது முன்பணம் கொடுக்கப் போவது தெரிந்தால், அவரிடம் தானப் பத்திரத்தின் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.