பழைய முதிரைத் தீராந்தியில் சாப்பாட்டு மேசை

கேள்வி: அப்பப்பாவின் வீட்டைப் பிரித்தபோது நாலு முதிரைத் தீராந்திகள் (கூரை உத்தரங்கள்) கிடைத்தன. மேசை செய்ய விருப்பம். "வாள் பல்லுத்தான் போகும், விடுங்கோ" என்கிறார் தச்சர். உண்மையா?
– வவுனியா வாசகர்

பாதி உண்மை. தேக்கு கன மீற்றருக்கு 650 கிலோ அளவில் நிற்க, முதிரை 900ஐ ஒட்டிப்போகும், அவ்வளவு இறுகிய மரம். ஆனால் வாளைக் கெடுப்பது பெரும்பாலும் மரமல்ல, உள்ளே முறிந்து கிடக்கும் பழைய ஆணி. அறுக்குமுன் காந்தம் பிடித்துப் பாருங்கள். கார்பைட் பல் வைத்த வாள் என்றால் தச்சரும் இறங்கி வருவார்.

முதிரையின் அழகு அதன் இழையில். ஓர் அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது மறுபக்கம் சாயும். சீவிய பலகையை ஜன்னலோரம் வைத்துவிட்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடந்து பாருங்கள்: மின்னிய பட்டைகள் மங்கும், மங்கியவை மின்னும், பட்டுச் சேலை மடிப்பைப் போல. வளர்ச்சி வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக வரும்படி அறுத்தால்தான் இது முழுசாகத் தெரியும். மேற்பலகைக்கு அப்படி அறுத்ததையே ஒதுக்குங்கள்.

சீவுளி பிய்த்தெடுப்பதும் இதே இழையால்தான். அலகைத் தீட்டி, மயிரிழை கனத்துக்கு மட்டும் சீவி, மிச்சத்தைச் சுரண்டித் தகட்டால் முடியுங்கள். அறுத்த பலகையை இரண்டு கிழமையாவது இடைக்கட்டை வைத்து அடுக்கிவிட்டு, கோணல் விழுந்த பிறகு சீவுவது நல்லது. திருகாணிக்கு முதலில் துளை போடாவிட்டால் வெடிக்கும். ஒட்டும் முகங்களைப் புதிதாகச் சீவி, தின்னரால் துடைத்து, அன்றே பசை பூசுங்கள். மேற்பலகையைக் காலோடு இறுக்கிப் பூட்டாதீர்கள். ஆணித்துளையை நீள்துளையாக விட்டால் மழைக்கும் வெயிலுக்கும் மரம் அசைய இடமிருக்கும்.

தூசி விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். எலுமிச்சைக் குடும்பத்து மரம்தான் என்றாலும் இதன் தூள் பலருக்குத் தோலில் சொறியும் தடிப்பும் கொண்டுவரும். முகமூடி, முழுக்கைச் சட்டை, வேலை முடிந்ததும் குளிப்பு.

நிறம் ஏற்றும் பொலிஷ் வேண்டாம், பொன் மஞ்சள் செத்துவிடும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அல்லது நிறமற்ற வார்னிஷ் போதும்.

தீராந்தியை லொறியில் ஏற்றுமுன் வன அலுவலகத்தில் ஒரு சொல் கேளுங்கள். பழைய வீட்டு மரம் என்று காட்ட, கூரை பிரித்தபோது எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.