சரக்கொன்றை, மயில்கொன்றை விதைகள் ஏன் முளைப்பதில்லை?

கேள்வி: கோயிலில் பொறுக்கிய சரக்கொன்றை விதையையும் சாலையோர மயில்கொன்றை (குல்மொஹர் மரம்) விதையையும் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை செத்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் செத்திருக்காது. இன்னும் நனையவே இல்லை, அவ்வளவுதான். ஒன்றைத் தோண்டி எடுத்துக் கழுவிப் பாருங்கள். போட்ட அன்றைக்கு இருந்த அதே அளவில், அதே பளபளப்போடு இருந்தால் தண்ணீர் உள்ளே போகவில்லை என்று பொருள்.

நான் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரன். ரப்பர், செம்பனைத் தோட்டத்துப் பழக்கம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் குழம்புகிறார்கள். ரப்பர் கொட்டைக்கும் கெட்டி ஓடுதான், ஆனால் அதை விழுந்த கையோடு நட வேண்டும். காயவிட்டால் சில வாரங்களில் உயிர் போய்விடும். 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன சுமார் 70,000 கொட்டைகளில் முளைத்தவை மூவாயிரம்கூட இல்லை. அங்கிருந்து அடுத்த வருடம் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் சிலதான் எங்கள் பக்கத்துக் கோலகங்சாரில் நடப்பட்டவை. செம்பனைக்கு (எண்ணெய்ப்பனை) வேறு வைத்தியம்: விதை நிலையங்களில் 40 டிகிரி அளவுள்ள சூட்டில் வாரக்கணக்கில் வைத்திருந்து, பிறகு நனைத்து முளைக்க விடுகிறார்கள். ஆக, ஓடு கெட்டி என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒரே வழி கிடையாது.

கொன்றைகள் அவரைக் குடும்பம். விதைத்தோலில் நெருக்கமாக அடுக்கிய செல்கள் தண்ணீரை விடுவதில்லை. அதனால் காய்ந்த விதை புட்டியில் வருடக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. மண்ணிலும் எல்லாம் ஒரே நேரத்தில் முளைத்து ஒரே வெயிலில் மடியாமல், தோல் தேய்ந்த விதை மட்டும் அவ்வப்போது முளைக்கும். அதே குடும்பத்துத் தூங்குமூஞ்சி மரத்துக் காயை மாடு தின்று, சாணத்தோடு விழுந்த விதை முளைப்பதை மாடு மேயும் இடங்களில் பார்க்கலாம்.

நமக்கு மாடு வேண்டாம், நகவெட்டி போதும். விதையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பைக் கண்டுபிடியுங்கள். முளை அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அங்கே கை வைக்காதீர்கள். எதிர்ப்பக்கத்து ஓரத்தில் துளி மட்டும் வெட்டுங்கள், அல்லது மணல்தாளில் தேயுங்கள். பழுப்புத் தோலுக்குக் கீழே வெளிறிய நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். மணல்தாள் இல்லையென்றால் சிமெண்டுத் தரை போதும், ஆனால் தேய்க்கும்போது சூடேறும். நிறுத்தி நிறுத்தித் தேயுங்கள். பிறகு சாதாரணத் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் விதை ஏறக்குறைய இரண்டு மடங்காக உப்பியிருந்தால் அன்றைக்கே நட்டுவிட வேண்டும். உப்பாததை மறுபடி கொஞ்சம் தேய்த்து ஊற வையுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் நட்டுவிட்டுக் காத்திருப்பதில்தான் மாதங்கள் வீணாகின்றன.

சரக்கொன்றையில் இன்னொரு வேலை இருக்கிறது. நீளக் காய்க்குள் அறை அறையாக விதை, ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்புப் பசை. அதை நன்றாகக் கழுவாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும், எறும்பும் வரும். இனிப்பாக இருக்கிறதென்று பிள்ளைகள் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேதிக்குக் கொடுக்கிற மருந்து அது.

நிறைய விதை இருந்தால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்போது வெந்நீர். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கிய பிறகு விதைமேல் ஊற்றி, அது ஆறும்வரை அப்படியே விடுங்கள். அடுப்பில் வைத்து வேக வைத்தால் அவித்த பயறுதான் மிஞ்சும். எனக்கு நகவெட்டிதான் பிடிக்கும். வெந்நீரில் சில விதை உப்பும், சில உப்பாது, சில வெந்தே போகும். கந்தக அமிலத்தில் ஊற வைக்கும் முறையும் உண்டு. ஆய்வுக்கூடக்காரர்கள் செய்யட்டும், நமக்கு வேண்டாம்.

இங்கே சாகா என்று சொல்லும் ஆனைக்குன்றிமணிக்கும் இதே முறைதான், ஆனால் தோல் இன்னும் கெட்டி. முழுச் சிவப்பாக இருந்தால் அது சாகா. சிவப்பில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது கொடியில் காய்க்கும் குன்றிமணி, கொடிய விஷம். தோல் உடையாதவரை ஆபத்து குறைவு. நாம் செய்யப்போவதோ தோலை உடைக்கிற வேலை. அதனால் அதைத் தொடாதீர்கள்.

நடும்போது அரை அங்குல ஆழம் போதும். பாலிபேக் (பிளாஸ்டிக் நாற்றுப் பை) மண்ணில் பாதிக்குக் கிட்ட ஆற்று மணல் கலந்து, மழை நேராக அடிக்காத இடத்தில் வையுங்கள். நம் ஊர் மழையில் முளைத்த பிறகு அழுகிப்போகும் கன்றுகள்தான் அதிகம். உப்பிய விதை ஒன்றிரண்டு வாரத்தில் தலை காட்டிவிடும். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் பை ஆழமாக இருக்கட்டும்.

எங்கே நடுவது என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள். வரிசை வீட்டு வாசலில் மயில்கொன்றை வேண்டவே வேண்டாம், அதன் வேர் மேலோட்டமாக ஓடித் தரையையும் சாக்கடையையும் பெயர்த்துவிடும். தூங்குமூஞ்சிக்குப் படர ஒரு திடலே வேண்டும். சின்ன வளாகத்துக்குச் சரக்கொன்றைதான் சரி. ஒரு விஷயம்: வருடம் முழுக்க மழை பெய்கிற எங்கள் பேராக் பக்கத்தில் கொன்றைகள் எல்லா வருடமும் கொட்டிப் பூப்பதில்லை. சில வாரம் வறண்ட பிறகுதான் நன்றாகப் பூக்கும். வடக்கே கெடா, பெர்லிஸ் மாநிலங்கள் பக்கம் வறட்சி தெளிவாக இருப்பதால் அங்கே நிலைமை மேல்.