டொக்டரிடம் நேரே கேளுங்கள்: புற்றுநோய் பற்றிக் கேள்வி பதில்

புற்றுநோய் வாட்டுகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். திருகோணமலைப் பக்கத்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எந்த மருந்து எத்தனை மில்லிகிராம் என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அது உங்கள் கிளினிக் டொக்டர் சொல்ல வேண்டியது.

கிண்ணியா: உம்மாவுக்கு மார்பில் கட்டி. ஊசியால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டொக்டர். ஊசி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர் தடுக்கிறார்கள்.

தங்கச்சி, எடுக்க விடுங்கள். விதைப்பைக் கட்டி போன்ற சில இடங்களில் டொக்டர்மாரே ஊசி போடாமல் நேரே அறுவைக்குப் போவார்கள். மார்புக் கட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம். கட்டி பெருக்கும்வரை வீட்டிலிருந்துவிட்டு வருகிறார்கள், ஊசி போடுகிறார்கள், ஏற்கெனவே பரவியிருந்தது அப்போதுதான் தெரிய வருகிறது. பழி ஊசிமேல் விழுகிறது.

அந்தச் சதைத்துண்டு இல்லாமல் எந்த மருந்து என்று எவராலும் முடிவெடுக்க இயலாது. புற்றுநோய்க் கலங்களில் ஹோர்மோன் ஏற்பிகள் (ஹோர்மோன் வந்து ஒட்டும் இடங்கள்) இருக்கிறதா, ஹெர்-2 புரதம் கூடுதலா என்று ரிப்போர்ட்டில் வரும். ஏற்பி இருந்தால் தமொக்சிபன் போன்ற குளிசையை 5 வருடமாவது போடச் சொல்வார்கள். ஹெர்-2 கூடுதலென்றால் அதற்கென்றே ட்ரஸ்டுசுமாப் என்ற மருந்து இருக்கிறது. அந்த ரிப்போர்ட்டின் மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள். போட்டோப் பிரதி கொடுங்கள், மூலம் வீட்டு பைலில் இருக்கட்டும்.

அதே சகோதரி: முழு மார்பையும் எடுக்கத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் மார்போடு நெஞ்சுத் தசையையும் சேர்த்து வெட்டுவதுதான் முறை. அமெரிக்காவில் ஹால்ஸ்டெட் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது, பல பத்து ஆண்டுகள் யாரும் கேள்வி கேட்காமல் ஓடியது. பேர்னார்ட் ஃபிஷர் என்ற இன்னொரு சத்திர சிகிச்சை நிபுணர்தான் பெண்களைக் குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தவர்களும் முழு மார்பையும் எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் வாழ்ந்தார்கள். 2002இல் வந்த 20 வருடக் கணக்கும் அதையே சொன்னது. ஆகவே உம்மாவின் கட்டி எத்தனை சென்டிமீட்டர், மார்பைக் காப்பாற்ற இயலுமா என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால் கோபிப்பார் என்று நினைக்காதீர்கள்.

தம்பலகாமம்: அம்மாவை மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். இரவு ரயில், விடிய வரிசை. டொக்டர் இரண்டு நிமிடம் பேசினார். என்ன சொன்னார் என்றே தெரியாமல் திரும்பி வந்தோம்.

இந்தக் கேள்விக்கு நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் மற்ற முக்கால்வாசிக் கேள்விகளும் இதற்குள்தான் அடங்குகின்றன.

டொக்டருக்கு முன்னால் அன்றைக்கு நூற்றுக்கு மேல் ஆட்கள். அது அவர் குற்றமும் இல்லை, உங்கள் குற்றமும் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு நீங்கள் ஆயத்தமாகப் போகலாம். கிளினிக் கொப்பியின் பின் மட்டையில் மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். முதலாவது: இந்தச் சிகிச்சை நோயை முழுதாக மாற்றவா, அல்லது கட்டுப்படுத்தி வைக்கவா? இரண்டாவது: இதைச் செய்யாவிட்டால் என்ன நடக்கும்? மூன்றாவது: வீட்டில் எது நடந்தால் உடனே வர வேண்டும்?

முதல் கேள்விதான் உயிர். அதை யாரும் கேட்பதில்லை. 2012இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. பரவிவிட்ட நுரையீரல், பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்தவர்களிடம் விசாரித்தார்கள். அந்தக் கீமோ நோயை முழுதாக மாற்றப் போவதில்லை என்று புரிந்துகொள்ளாதவர்கள் நுரையீரல் நோயாளரில் 69 வீதம், பெருங்குடல் நோயாளரில் 81 வீதம். நன்றாகப் படித்த, டொக்டரோடு ஒரே மொழி பேசுகிற ஊரிலேயே அந்த நிலை. நம் ஆட்களோ தெற்கே போய்ச் சிங்களத்தில் கேட்டுவிட்டுத் தலையாட்டி வருகிறார்கள். சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரை எப்படியாவது கூட்டிப் போங்கள். சொந்தக்காரரில் இல்லாவிட்டால் அயலவர், கூட வேலை செய்கிறவர் யாரையாவது கேளுங்கள். புரியாத தாளில் ஒப்பம் போட வேண்டாம். "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் கிரேட் 3 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு மூன்றாம் கட்டம் என்று அழுதுகொண்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கிரேட் என்பது கலங்கள் எவ்வளவு மூர்க்கமாகத் தெரிகின்றன என்பது. கட்டம் என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேட் 3 உள்ள சின்னக் கட்டி முதல் கட்டத்திலேயே இருக்கலாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் மகரகமதான் போக வேண்டும் என்றில்லை. மட்டக்களப்பு, தெல்லிப்பழை, அனுராதபுரம், கண்டி ஆகிய இடங்களிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. தொடர் சிகிச்சையைக் கிட்டிய இடத்துக்கு மாற்றித் தர இயலுமா என்று கேளுங்கள். கரண்ட் பிடிப்பது என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு கிழமைக்கு 5 நாள், சில நோய்களுக்கு 6, 7 கிழமை. தங்குமிடத்தை முதலே பார்த்து வையுங்கள்.

சல்லி: முள் சீத்தா இலை அவித்துக் குடித்தால் கீமோவை விட நல்லது என்கிறார்களே?

இல்லை. ஆய்வுகூடத்தில் தட்டில் வளர்த்த கலங்களை அந்தச் சாறு கொன்றது உண்மை. தட்டில் உள்ள கலத்தை உப்புத் தண்ணீரும் கொல்லும். மனிதரில் அது புற்றுநோயை மாற்றியதாக நம்பக்கூடிய ஆய்வு எதுவும் கிடையாது. அதிலுள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புக் கலங்களைக் கெடுக்கும். கரீபியன் தீவான குவாதலூப்பில் இந்தப் பழமும் இலைத் தேநீரும் நிறைய எடுத்தவர்களுக்கு நடுக்குவாதம் போன்ற ஒரு நோய் கூடுதலாகக் காணப்பட்டது. கீமோ நடக்கும்போது எந்தக் கசாயமும் டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். சித்த வைத்தியர்மேல் எனக்கு மரியாதை உண்டு. நம் கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். படித்த சித்த வைத்தியர் உங்களைக் கீமோவை நிறுத்தச் சொல்ல மாட்டார். நிறுத்தச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

மூதூர்: கீமோ ஏற்றி ஒன்பதாம் நாள் ராத்தாவுக்குக் காய்ச்சல். பனடோல் கொடுத்தோம், குறைந்துவிட்டது. சரிதானே?

சரியில்லை. இதை வாசித்தவுடன் கூட்டிக்கொண்டு போங்கள். கீமோவுக்குப் பிறகு 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்திலேயே உயிரைக் கொண்டு போகலாம். பனடோல் சூட்டை மறைக்கும், கிருமியைத் தொடாது. வெப்பமானி ஒன்று வீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் வந்தால் விடியும்வரை பார்த்திருக்காமல் கிட்டிய ஆதார வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. ஓபிடி வரிசையில் நிற்காதீர்கள். "கீமோ ஏற்றியவர்" என்று வாசலிலேயே சொல்லிக் கொப்பியைக் காட்டுங்கள்.

நிலாவெளி: அப்பாவுக்கு 71 வயது. ஈரலில் புற்றுநோய், பரவிவிட்டது. அவருக்குச் சொல்ல வேண்டாம் என்று டொக்டரிடம் கேட்டிருக்கிறோம். செய்தது சரியா?

தம்பி, அன்பால்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அப்பாவுக்கு அநேகமாகத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் முடி கொட்டியவர் படுத்திருக்கிறார், மகன் வெளியே போய் டொக்டரோடு பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வருகிறான். அவருக்கு விளங்காதா? வீட்டார் போன பிறகு, இரவில், மருந்து கொடுக்கப் போகும்போது "மிஸ்ஸி, எனக்குக் கான்சரா?" என்று மெதுவாகக் கேட்பார்கள். மனைவி மக்கள் தாங்க மாட்டார்கள் என்று அவர்களும் தெரியாதது மாதிரி இருப்பார்கள். ஒரே வீட்டில் எல்லோரும் தனித்தனியாக அழுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சொல்லச் சொல்லவில்லை. முதலில் கேளுங்கள்: "அப்பா, உங்களுக்கு என்ன வருத்தம் என்று நினைக்கிறீங்கள்? டொக்டர் சொல்கிறதை நீங்களே கேட்க விருப்பமா, நாங்கள் கேட்டு வைக்கட்டுமா?" மகன் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னால் அது அவருடைய முடிவு, நான் மதிக்கிறேன். கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று டொக்டர்மாருக்குப் படிப்பிக்கிற ஆறு படி முறையிலும் இதுதான் சொல்வதற்கு முந்திய படி.

ஒர்ஸ் ஹில், ஓய்வு பெற்ற ஆசிரியர்: இது வெள்ளைக்காரர் பழக்கம். நம் ஊரில் குடும்பம்தான் முடிவெடுக்கும். உண்மை தெரிந்து மனமுடைந்து போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

மாஸ்டர், வெள்ளைக்காரரும் மறைத்தவர்கள்தான். 1961இல் சிக்காகோவில் ஒரு வைத்தியசாலையின் டொக்டர்மாரிடம் கேட்டபோது 90 வீதமானவர்கள் நோயாளிக்குச் சொல்வதில்லை என்றார்கள். 1979இல் அதே கேள்விகளை அமெரிக்காவின் இன்னொரு வைத்தியசாலையில் கேட்டபோது 97 வீதமானவர்கள் சொல்கிறோம் என்றார்கள். 18 வருடத்தில் ஒரு நாட்டின் பண்பாடு மாறிவிடாது. சிகிச்சைகள் கூடின, நோயாளிகள் வாய் திறந்து கேட்டார்கள், அதனால் மாறியது. குடும்பம் முடிவெடுக்கட்டும், நானும் அதைத்தான் விரும்புகிறேன். அந்தக் குடும்பத்தில் அப்பாவும் ஓர் ஆள்.

சம்பூர்: ஆசிரியர் ஐயாவுக்கு. நாங்கள் அப்பாவுக்கு மறைத்தோம். ஏன் சுகமாகவில்லை, நல்ல மருந்து வாங்கித் தருகிறீர்கள் இல்லையா என்று கடைசி வரைக்கும் எங்களையே கோபித்தார். காணி உறுதி யாரிடம் என்றும் சொல்லாமல் போய்விட்டார்.

மூதூர், இன்னொருவர்: எங்கள் வாப்பாவுக்குத் தெரியும். கடன்களையெல்லாம் தீர்த்தார், மனஸ்தாபப்பட்டவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த ஆறுதல் எங்களுக்கு இன்றைக்கும் இருக்கிறது.

ஒர்ஸ் ஹில் ஆசிரியர்: எல்லோரும் அப்படித் தைரியசாலிகள் இல்லை. மிச்ச நாளின் நிம்மதியை ஏன் பறிக்க வேண்டும்?

மாஸ்டர், உண்மை சிலரை உடைக்கும், ஒத்துக்கொள்கிறேன். எப்படிச் சொல்கிறார்கள் என்பதிலும் அது இருக்கிறது. ஒரு டொக்டர் வாட்டு நடுவில் நின்றபடி, அடுத்த கட்டிலைப் பார்த்துக்கொண்டே "இனிச் செய்ய ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு நடந்ததைக் கண்டிருக்கிறேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை. அது கொடுமை. பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, அவர் கேட்கிற அளவுக்கு மட்டும் சொல்வது வேறு. "செய்ய ஒன்றுமில்லை" என்பது பொய்யும்கூட. நோவைக் குறைக்கலாம், மூச்சுமுட்டலைக் குறைக்கலாம், ஆசைப்பட்டால் கோணேசர் கோவிலுக்கு ஒருமுறை கூட்டிப் போகலாம். என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தானே அவரும் ஆசையைச் சொல்வார்?

டொராண்டோ, சொந்த ஊர் திருகோணமலை: காசு பிரச்சினை இல்லை, நான் அனுப்புகிறேன். நிலாவெளித் தம்பி அப்பாவுக்கு எல்லாக் கீமோவும் செய்யட்டும். கைவிடக் கூடாது.

உங்கள் மனம் பெரியது. ஆனால் கூடுதலான மருந்து கூடுதலான ஆயுள் தரும் என்றில்லை. 1990களில் அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்க்கு மிகக் கடுமையான கீமோ கொடுத்து எலும்பு மச்சை மாற்றினார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேதனையைத் தாங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் 1999இல் வெளிவந்தபோது வழமையான சிகிச்சையை விடப் பலன் இல்லை. நல்ல பலன் என்று காட்டிய தென்னாபிரிக்க ஆய்வு மோசடி என்று அடுத்த வருடம் தெரிந்தது. அடுத்த கீமோ வேண்டுமா என்று தூரத்திலிருந்து நாங்கள் முடிவெடுக்கக் கூடாது. அந்த அப்பாவைக் கேட்க வேண்டும்.

இந்த வாதத்தை இங்கே நிறுத்துகிறேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கன்னியா: சீனியை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடந்து சாகுமா?

சாகாது. நோயாளிதான் மெலிவார். முட்டை, மீன், பருப்பு கொடுங்கள்.

வெருகல்: முள் சீத்தாப் பழமாவது சாப்பிடலாமா?

மேலே சல்லிக்காரருக்கு எழுதியதை வாசியுங்கள்.

திருக்கடலூர்: அண்ணாவுக்கு மோர்பின் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் முடிந்துவிட்டதா? பழகிவிடாதா?

முடியவில்லை. நோவுக்கு மோர்பின், அவ்வளவுதான். டொக்டர் சொன்ன அளவில் எடுக்கிற புற்றுநோய் நோயாளி போதைக்கு அடிமையாவது மிக அரிது. நோ வரட்டும் என்று காத்திருக்காமல் சொன்ன மணிக்குக் கொடுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். நோவைத் தாங்கிக்கொண்டிருப்பதால் ஆயுள் கூடாது. 2010இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய்க்காரருக்குத் தொடக்கத்திலிருந்தே நோவு தணிப்புப் பராமரிப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. கடைசி நேரத்தில் கடுமையான சிகிச்சை எடுத்தவர்களும் அவர்களில் குறைவு, மனச்சோர்வும் குறைவு.

மட்டிக்களி: தனியார் ஆய்வுகூடத்தில் முழு உடம்புக்கும் புற்றுநோய் இரத்தப் பரிசோதனை என்று விளம்பரம். செய்யலாமா?

வருத்தம் ஒன்றும் இல்லாதவர் செய்ய வேண்டாம். அதில் பார்க்கிற இரத்தக் குறியீடுகள் சாதாரண அழற்சியிலும் கூடும், நோய் இருந்தும் கூடாமல் இருக்கும். தென்கொரியாவில் வருத்தம் இல்லாத பலருக்கும் தைரொயிட் ஸ்கான் செய்யத் தொடங்கினார்கள். 2011இல் கண்டுபிடிக்கப்பட்ட தைரொயிட் புற்றுநோய் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. இறந்தவர் தொகை மாறவே இல்லை. அந்தக் காசில் கண்ணுக்குத் தெரிகிறதைப் பாருங்கள். 35 வயதான பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், இலவசம். மகள் 6ஆம் தரமென்றால் பள்ளிக்கூடத்தில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி கொடுப்பார்கள், 2017இலிருந்து கொடுக்கிறார்கள். மறுக்காதீர்கள்.

சீனன்குடா: மருந்து இலவசம், போக்குவரத்துச் செலவுதான் கொல்கிறது.

பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். புற்றுநோயாளருக்கு உதவிப் பணம் உண்டு. டொக்டரின் கடிதம் வேண்டும்.

கந்தளாய்: கீமோ முடிந்து காய்ச்சல், பனடோல் கொடுக்கலாமா?

மூதூருக்கு எழுதியிருக்கிறேன், ஆனாலும் இதை மட்டும் எத்தனை தரம் கேட்டாலும் சொல்வேன். பனடோலை வைத்துவிட்டு வாகனத்தைக் கூப்பிடுங்கள்.

தோப்பூர்: இலைச் சாறு பற்றி...

மேலே இருக்கிறது.

குச்சவெளி: கடல் தொழில். வெற்றிலை போடுவேன், புகையிலை சேர்ப்பதில்லை. கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை, இரண்டு மாதமாகிறது. இப்போது வாயும் முழுதாகத் திறக்குதில்லை. நோ ஒன்றும் இல்லை.

அண்ணன், புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும் பொருள்தான், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகவரகம் அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களில் அதிகம் காணப்படும் புற்றுநோயும் வாயில்தான். நோ இல்லை என்று இருக்காதீர்கள், தொடக்கத்தில் நோகாது. வாய் திறக்க இயலாமல் வருவது பாக்கால் கன்னச் சதை இறுகுவதன் அடையாளம். நீங்கள் சொல்வது இன்னும் புற்றுநோயாக மாறாத நிலையாகவும் இருக்கலாம், அந்த நிலையில் பிடித்தால் நிறையச் செய்யலாம். இன்றே வெற்றிலையை நிறுத்துங்கள். நாளைக் காலை கடலுக்குப் போகாமல் திருகோணமலை பொது வைத்தியசாலைப் பல் வைத்தியப் பிரிவுக்குப் போய் வாயைக் காட்டுங்கள். சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உடனே சம்மதியுங்கள், ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டுத் திகதியைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.