கோழிச் சட்டியும் தமையனின் காய்ச்சலும்

அண்ணா, வணக்கம். கிராமத்து மிட்வைவ்மாரை, அதுதான் வீடு வீடாக வருகிற மருத்துவிச்சிமாரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நன்றாக எழுதியிருந்தீர்கள், ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. போன மாரியில் எங்கள் வளவுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்தார். கோழிக்குத் தண்ணீர் வைக்கிற சட்டி, மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடந்த டயர் எல்லாவற்றையும் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு நோட்டீஸைத் தந்தார், போய்விட்டார். பிறகு என் மச்சானின் தேத்தண்ணிக் கடைக்குப் போய், வடைத் தட்டு மூடியில்லை, வேலைக்கு நிற்கிற பொடியனிடம் மருத்துவச் சான்றிதழ் இல்லை என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளம் வந்தால் கிணற்றுக்குள் மருந்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் இரவில் டொக்டர் இல்லை. என் தமையன் வயலில் இருந்து காய்ச்சலோடு வந்து விழுந்தபோது வாகனம் பிடித்து ஓடினோம், கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள், எலிக்காய்ச்சல் என்றார்கள். தப்பிவிட்டார். அதற்குப் பிறகு சுகாதாரப் பகுதியில் இருந்து ஒருவரும் எங்கள் வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. கோழிச் சட்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு மனிதரைப் பார்க்க நேரமில்லையா? இந்தத் திணைக்களம் எங்களுக்கு எதற்கு?

க., முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தம்பி,

அண்ணன் தப்பியது பெரிய ஆறுதல். எலி மூத்திரம் கலந்த சேற்றாலும் தண்ணீராலும் வருகிற எலிக்காய்ச்சல், சிறுநீரகத்தையோ நுரையீரலையோ பிடித்த பிறகு ஆளை மீட்டெடுப்பது லேசான காரியம் இல்லை. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணப் பக்கம் முதலில் 'மர்மக் காய்ச்சல்' என்று பேசப்பட்டு, பிறகு எலிக்காய்ச்சல்தான் என்று உறுதியானபோது, அதற்குள் உழைக்கிற வயதில் இருந்த சிலரை இழந்துவிட்டிருந்தோம்.

நீங்கள் கேட்டவற்றில் மிகக் கனமான கேள்வி, அதற்குப் பிறகு ஏன் ஒருவரும் வரவில்லை என்பது. அதையே முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் கோழிச் சட்டியின் கதையும் அதற்குள்தான் இருக்கிறது.

டெங்கு, எலிக்காய்ச்சல், நெருப்புக் காய்ச்சல் (டைபொயிட்), செங்கண்மாரி (ஈரல் அழற்சி), சின்னமுத்து (தட்டம்மை) என்று ஒரு பட்டியல் நோய்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று என்று டொக்டர் சந்தேகப்பட்டாலே போதும், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் அறிவிக்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தில் இருந்து வருகிற கடமை அது. வார்டில் எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி எந்தச் சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்) பிரிவில் வசிக்கிறாரோ அந்தப் பணிமனைக்கு அனுப்புவார்கள். அங்கே பதிவேட்டில் ஏற்றி, அந்தப் பகுதி பி.எச்.ஐயின் கையில் கொடுப்பார்கள். அவர் வீட்டைத் தேடிப் போய், வேறு யாருக்கும் காய்ச்சல் இருக்கிறதா, எந்த வயலில் இறங்கினார், எந்தக் கிணற்றில் குடித்தார் என்று விசாரித்து, அறிக்கை எழுதி, செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். கிழமைக்கு ஒருமுறை அந்தப் பணிமனையின் கணக்கு கொழும்பில் இருக்கும் தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். நாட்டில் எங்கே எந்த நோய் கூடுகிறது என்று தெரிய வருவது இந்த வழியில்தான்.

சரி, யாழ்ப்பாணத்தில் அண்ணனை வார்டில் சேர்த்தபோது என்ன முகவரி கொடுத்தீர்கள்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. எங்கள் சனத்தின் அடையாள அட்டையில் ஒரு ஊர் இருக்கும், இருப்பது இன்னொரு ஊராக இருக்கும். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக் குடியேறி, பிறகு கலியாணம் கட்டிப் பெண் வீட்டோடு போய், வயல் காலத்தில் குடிலில் தங்கி என்று ஆயிரம் காரணங்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் அட்டையைத்தான் நீட்டுவோம், அதில் இருப்பதைத்தான் எழுதுவார்கள். படிவம் அந்த ஊருக்குப் போகும். அங்கே இருக்கிற பி.எச்.ஐ இரண்டு மூன்று வீட்டில் விசாரித்து, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதித் திருப்புவார். சரியான பிரிவுக்கு அது வந்து சேரும்போது நோயாளி வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டிருப்பார், அவரோடு அதே சேற்றில் நின்ற மற்றவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டிய நாட்கள் கடந்திருக்கும்.

உங்கள் விஷயத்தில் இதுதான் நடந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை. படிவமே எழுதப்படாமல் போயிருக்கலாம். சரியான மேசைக்கு வந்தும் போவதற்கு ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம், வன்னியில் பல இடங்களில் ஒரு பி.எச்.ஐ தன் பிரிவோடு பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். எதுவாக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்திருக்க வேண்டும், அது உங்கள் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? அண்ணனோடு வயலில் இறங்கியவர்களின் பெயரைக் கேட்டிருப்பார். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவது என்று ஏதாவது இருக்கிறவரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். மற்றவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மாத்திரை ஒழுங்கு செய்திருப்பார். கிழமைக்கு ஒரு தரம், 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. வயலில் இறங்கி வேலை செய்கிற காலம் முழுக்க எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது இல்லை. இந்த மாத்திரை எம்.ஓ.எச் பணிமனையில் கிடைக்கும், பெரும்போகம் தொடங்கும்போது கமக்காரர் அமைப்பு மூலமாகவும் கொடுப்பார்கள், ஆனால் வாங்கி வைத்துவிட்டு விழுங்காத வீடுகள்தான் அதிகம். அண்ணன் அடுத்த முறை இறங்குவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். இன்னொன்று, காய்ச்சல் என்று எந்த டொக்டரிடம் போனாலும், வயலுக்குப் போகிறவர் என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போது கோழிச் சட்டிக்கு வருகிறேன். உங்களுக்கு எரிச்சல் தந்த அந்த வருகையும், நீங்கள் எதிர்பார்த்து நடக்காத வருகையும் ஒரே வேலைதான். டெங்கு என்று ஒரு படிவம் வந்தால் நோயாளியின் வீட்டோடு நிற்பதில்லை, சுற்றியுள்ள வளவுகளையும் பார்க்க வேண்டும். உங்கள் ஒழுங்கையிலோ அடுத்த ஒழுங்கையிலோ யாரோ ஒருவர் காய்ச்சலில் கிடந்திருக்கக்கூடும். யாருக்கு என்று அவர் உங்களிடம் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. டெங்கு நுளம்பு குளத்தையோ வயலையோ தேடிப் போகிற சாதி இல்லை. சட்டி, டயர், சிரட்டை, பீலி என்று வீட்டைச் சுற்றித் தேங்குகிற கொஞ்சத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். சட்டியின் உட்புறத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். சட்டி காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது, கிழமைக்கு ஒருமுறை தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும். நுளம்பு பெருகுவதைத் தடுக்கிற 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் இவ்வளவையும் சொல்லாமல் தாளை மட்டும் நீட்டிவிட்டுப் போனார் என்றால் அது பிழைதான் தம்பி, அரைவாசி வேலையைத்தான் அவர் செய்திருக்கிறார். காரணம் தெரியாமல் வாங்கிய நோட்டீஸ் ஒரு சட்டியையும் கழுவ வைக்காது.

மச்சானின் கடையில் சான்றிதழ் கேட்டதும் வீண் பிடுங்கல் இல்லை. நெருப்புக் காய்ச்சல் வந்து முழுக்கச் சுகமான ஆளின் பித்தப்பையில் அந்தக் கிருமி சிலவேளை வருடக்கணக்கில் தங்கும். அவருக்கு ஒரு நோவும் இருக்காது, ஆனால் அவர் கையால் பிசைந்த மாவில் இருந்து இன்னொருவருக்குப் போகும். அந்தப் பொடியனை எம்.ஓ.எச் பணிமனைக்குக் கூட்டிக்கொண்டு போய் எப்படிச் சான்றிதழ் எடுப்பது என்று கேட்கச் சொல்லுங்கள், வடைக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். சின்னக் கடையில் காட்டுகிற கண்டிப்பைப் பெரிய கடையில் காட்டுவதில்லை என்ற குறை சனத்திடம் இருக்கிறது, அது நடக்கிற இடங்களும் உண்டு. அப்படி நடந்தால் திகதியோடு, கடைப் பெயரோடு எம்.ஓ.எச்சுக்கு எழுத்தில் கொடுங்கள்.

கிணற்றைப் பற்றி எழுதியதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், அந்த எரிச்சல் உங்களுக்கு மட்டும் இல்லை. கொட்டுவது கண்மட்டத்தில் இல்லை. கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் உயரத்தையும் அளந்து, எத்தனை லீற்றர் என்று கணக்குப் பார்த்துப் போட வேண்டும். விட்டம் 3 மீற்றர், தண்ணீர் 4 மீற்றர் என்றால் ஏறக்குறைய 28,000 லீற்றர். சாதாரண நாளில் 1,000 லீற்றருக்கு நல்ல வெளிற்றும் தூள் (பிளீச்சிங் பவுடர்) 2.5 கிராம் அளவில், 70 கிராம் போதும். வெள்ளம் ஏறிய கிணறு என்றால் மலசலகூடக் குழியும் மாட்டுச் சாணமும் எலி மூத்திரமும் அதற்குள் வந்திருக்கும், அதனால் முதலில் கூடிய அளவு போட்டு, சொன்ன நேரம்வரை எடுக்காமல் வைத்து, இறைத்து, பிறகு சாதாரண அளவுக்கு வருவார்கள். நிலம் ஊறியிருக்கும்போது ஒரேயடியாக வற்ற இறைத்தால் கிணற்றுக் கட்டு சரியும், அதையும் கவனிக்க வேண்டும். தூள் பழசானால், ஈரம் பட்டால் வீரியம் போய்விடும், அதனால்தான் போட்ட பிறகு தண்ணீரில் குளோரின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காத அந்த மணம், கிருமியைக் கொல்ல மருந்து இன்னும் மிச்சம் இருக்கிறது என்பதன் அடையாளம். இரண்டொரு நாளில் குறைந்துவிடும், கொதிக்க வைத்தால் இன்னும் கெதியாகப் போய்விடும். யுத்தம் முடிந்த 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் நெருங்கி அடைக்கப்பட்டிருந்த சனத்துக்குள் செங்கண்மாரி எப்படிப் பரவியது என்று உங்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தண்ணீரும் மலசலகூடமும் பிழைத்தால் என்ன நடக்கும் என்று வன்னிச் சனத்துக்கு வேறு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இந்தத் திணைக்களம் எதற்கு என்று கேட்டீர்கள். வன்னியில் நின்று இதைக் கேட்டால் எனக்கு மலேரியாதான் நினைவுக்கு வரும். உங்கள் வயதுக்கு அந்தக் காய்ச்சல் ஒரு கதை. 1934-35இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை அது கொண்டுபோனது. 1963இல் நாடு முழுக்க நோய் கண்டவர்களே 17 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்து மருந்தடிப்பையும் இரத்தம் பார்ப்பதையும் தளர்த்தினார்கள், 1969இல் நோய் கண்டவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல் போனார்கள். பிறகு எத்தனையோ வருடங்கள், யுத்தத்துக்குள்ளும், இரத்தம் குத்தி எடுத்து, கண்ணாடியில் பூசிப் பார்த்து, வீடு வீடாக மருந்தடித்து, 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்று இல்லை என்ற நிலை வந்து, 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. அதே காலத்தில் மன்னாரில் வேறு ஒரு மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இது குடிதண்ணீர்க் கிணற்றிலும் தண்ணீர்த் தாங்கியிலும் பெருகக்கூடியது. அதனால் கிணற்றை எட்டிப் பார்க்க ஒருவர் வந்தால் உள்ளே விடுங்கள். போலியோவும் அப்படித்தான். 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் இல்லை. 1995இல் இருந்து சொட்டு மருந்து நாட்களில் இரண்டு பக்கத்துத் துவக்குகளும் ஓய்ந்தன, அந்த இடைவெளியில் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஊர்களுக்குள் நடந்தவர்கள் இதே ஊழியர்கள்தான். அவர்களில் பலர் தாங்களும் இடம்பெயர்ந்தவர்கள்.

இதைச் சொல்வது உங்கள் கோபத்தை அணைக்க இல்லை. கோபம் போக வேண்டிய இடம் வேறு என்பதற்காகத்தான். இரவில் டொக்டர் இல்லாத ஆஸ்பத்திரி, நிரப்பப்படாத பி.எச்.ஐ இடம், இரண்டு பிரிவுக்கு ஒரே மிட்வைவ், யானை நிற்கிற காட்டு றோட்டால் பொழுதுபட ஸ்கூட்டரில் தனியே திரும்புகிற அந்த மிட்வைவ் பிள்ளை, இதெல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போன மனிதரின் கையில் இல்லை. பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள் மிட்வைவ் இரண்டு தரம் வீட்டுக்கு வர வேண்டும் என்பது விதி. ஆள் இல்லாவிட்டால் விதி யார் வீட்டுக்கும் நடந்து வராது.

மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், அவருக்கு மேலே மாகாணப் பணிப்பாளர். ஆஸ்பத்திரி டொக்டர் விஷயத்தையும் களப் பணியாளர் விஷயத்தையும் ஒரே மனுவில் கலக்காமல் இரண்டாக எழுதுங்கள், கலந்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் வரும். எந்தெந்த கிராம சேவையாளர் பிரிவுக்கு எத்தனை மாதமாக ஆள் இல்லை என்று எழுதுங்கள். அண்ணன் வார்டில் சேர்ந்த திகதி, கொடுத்த முகவரி, அதற்குப் பிறகு விசாரிக்க ஒருவரும் வரவில்லை என்பதையும் சேர்த்து, அந்தப் படிவம் எங்கே போனது என்று நேராகக் கேளுங்கள். மாதர் சங்கத்தையும் கமக்காரர் அமைப்பையும் கையெழுத்துப் போட வையுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், ஊர்ப் பெயரோடு இங்கேயே போடுகிறேன், பதில் வந்தால் அதையும் போடுவோம்.

அன்புடன்
அண்ணன்