ஆஸ்திரேலியக் காட்டில் ரிசர்விஸ்ட் நாள்கள்: கேள்வி பதில்

சிங்கப்பூர் ராணுவத்தில் காலாட்படை ரிசர்விஸ்டாக, அதாவது முழுநேரச் சேவை முடிந்த பின்னும் பயிற்சிக்கு அழைக்கப்படும் சிப்பாயாக, என் பயிற்சிச் சுழற்சியை முடித்துவிட்டேன். அந்த ஆண்டுகளில் மனத்தில் ஆழமாகத் தங்கியது ஆஸ்திரேலியாவுக்குப் போய்வந்ததுதான். அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் திடீரென்று எப்படிச் சிப்பாய் ஆவார்? (சென்னை வாசகர்)

திடீரென்று இல்லை. சிங்கப்பூரில் 1967 முதல் ஆண்களுக்குத் தேசிய சேவை கட்டாயம். இரண்டு ஆண்டு முழுநேரச் சேவையை முடித்ததும் படிப்பு, வேலை என்று அவரவர் வழியில் போய்விடுவோம். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுச் சுழற்சி ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் வரை ராணுவம் கூப்பிடலாம். பெரும்பாலோருக்கு 40 வயது வரையும் அதிகாரிகளுக்கு 50 வயது வரையும் இந்தக் கடமை உண்டு. அந்த நாள்களில் சம்பளம் போய்விடாதபடி அரசாங்கம் ஈடு கொடுக்கிறது.

பயிற்சிக்கு அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

இடம்தான் காரணம். உள்ளூர்க் காட்டில் இரவு முழுக்க நடந்தாலும் ஏதாவது ஒரு பக்கம் அடுக்குமாடி விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும். குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ராக்ஹேம்ப்டன் நகரத்துக்கு வடக்கே இருக்கும் ஷோல்வாட்டர் பே, சிங்கப்பூரைவிடப் பல மடங்கு பெரிய பயிற்சிக் களம். 1990 முதல் ‘வாலபி’ என்ற பெயரில் நம் படைகள் அங்கே பயிற்சி செய்கின்றன. பீரங்கி, டாங்கி, ஹெலிகாப்டர், காலாட்படை எல்லாம் ஒரே களத்தில் சேர்ந்து இயங்குவதை அங்கேதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். வகுப்பறைப் பலகையில் அம்புக்குறியாக இருந்தது நிலத்தில் எவ்வளவு நேரம் எடுக்கும், எவ்வளவு புழுதி கிளப்பும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இறங்கியதும் எது வித்தியாசமாக இருந்தது?

வித்தியாசம் கிளம்புவதற்கு முன்பே தொடங்கிவிடும். வெளிநாட்டு விதையும் நோயும் உள்ளே வராமல் தடுக்கும் ஆஸ்திரேலிய உயிரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையானவை. பூட்ஸ் அடிப்பகுதியில் மண்ணோ புல் விதையோ ஒட்டியிருக்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தோம். கவச வாகனங்களைக் கழுவுவது தனிப் பெரிய வேலை.

அங்கே போனதும் வறண்ட வெயில். நம் ஊரில் சட்டை நனைவதை வைத்தே எவ்வளவு வியர்க்கிறது என்று தெரியும். அங்கே வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் தண்ணீர் குறைவதே தெரியாது. தண்ணீர் குடிக்கச் சொல்லி சார்ஜன்ட் ஏன் அப்படிக் கத்தினார் என்பது அங்கேதான் புரிந்தது. ராத்திரியில் நேர்மாறாக, நடுக்கும் குளிர். நிலா இல்லாத இரவில் பால்வெளி வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தெரியும். எங்களில் பலர் அதற்கு முன் அதைப் பார்த்ததே இல்லை. காவல் முறை முடிந்தும் படுக்கப் போகாமல் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு.

கங்காரு பார்த்தீர்களா?

கங்காருவும் பார்த்தோம், அதைப் போலவே சின்னதாக இருக்கும் வாலபியும் பார்த்தோம். அந்தி நேரத்தில் பாதை ஓரத்தில் நிற்கும், வண்டி வந்தால் குறுக்கே பாயும். ஓட்டுநர்களுக்கு அது உண்மையான ஆபத்து. பாம்பும் உண்டு. காலையில் பூட்ஸை உதறாமல் யாரும் காலை விட மாட்டோம்.

முழுநேரச் சேவையில் வெளிநாடு போவதற்கும் ரிசர்விஸ்டாகப் போவதற்கும் என்ன வேறுபாடு? (அடுத்த ஆண்டு சேவையில் சேரப்போகும் மாணவர்)

நல்ல கேள்வி தம்பி. பத்தொன்பது வயதில் எல்லோரும் ஒரே நிலைதான், யாரிடமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ரிசர்விஸ்டில் அப்படி இல்லை. என் செக்‌ஷனில் (சிறு படைக்குழு) ஒருவர் வங்கியில் பெரிய பொறுப்பில் இருந்தார். இன்னொருவர் லாரி ஓட்டுநர். காட்டில் லாரி ஓட்டுநர்தான் செக்‌ஷன் கமாண்டர். அவர் ‘இங்கே தோண்டுங்கள்’ என்றால் வங்கி அதிகாரி தோண்டுவார். அதைத் தாழ்வாக நினைத்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை. ஏனென்றால் இருட்டில் வரைபடத்தைப் படித்து எங்களைச் சரியான மேட்டுக்குக் கொண்டுசேர்ப்பவர் அவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம், ஆண்டுதோறும் அதே முகங்கள். ஒருவர் அப்பா ஆனதும், ஒருவருக்கு வேலை போனதும் அந்தக் கூடாரத்தில்தான் தெரியவரும். வேலை இழந்தவர் எடுத்ததும் யாரிடமும் சொல்லவில்லை. இரவுக் காவலில் பக்கத்தில் இருந்தவரிடம் மட்டும் சொன்னார். ஊர் திரும்பிய பிறகு அவருக்கு வேலை தேடிக் கொடுத்ததும் அந்தப் பக்கத்து ஆள்தான். ரிசர்விஸ்ட் வீண் வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இருவர்தான் நினைவுக்கு வருவார்கள்.

பண்டிகை நாளில் அங்கே இருந்ததுண்டா?

உண்டு. வாலபி பெரும்பாலும் செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் நடக்கும், அதனால் தீபாவளி அதில் மாட்டிக்கொள்ளும். ஓராண்டு எங்கள் கம்பெனியில் (படைப்பிரிவில்) தமிழர்கள் ஒரு கைப்பிடி பேர். விமான நிலையத்தில் முறையாக அறிவித்துக் கொண்டுவந்த பாக்கெட் முறுக்கு கொஞ்சம் இருந்தது. விடிவதற்கு முன் ஒருவர் சின்னப் புட்டியிலிருந்து ஆளுக்கு ஒரு சொட்டு நல்லெண்ணெய் எங்கள் தலையில் வைத்தார். அதைப் பார்த்த மலாய் நண்பர் ஒருவர் தானும் குனிந்தார். பின்னால் சீன நண்பர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். புட்டி காலியாகிவிட்டது. மாலையில் முகாமுக்குத் திரும்பியதும் கைபேசித் திரையில் என் மகள் புதுப் பாவாடையைச் சுற்றிக் காட்டினாள். அந்தத் தீபாவளிக்கு ஈடாக என்னிடம் வேறொன்று இல்லை.

என் மகன் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்? தினமும் பேச முடியுமா? (ஒரு தாய்)

கவலை வேண்டாம் அம்மா. ரேஷன் பாக்கெட்டில் சைவம் தனியாக உண்டு, ஹலாலும் உண்டு. முன்கூட்டியே பதிந்துவைக்க வேண்டும், அவ்வளவுதான். தினமும் பேச முடியாது. களத்தில் இருக்கும்போது நாள்கணக்கில் அழைப்பு வராது. முகாமுக்கு வந்தால்தான் பேசுவான். குவீன்ஸ்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட இரண்டு மணி முன்னால். அவன் ராத்திரி பத்து மணிக்குக் கண் சொருகப் பேசும்போது உங்களுக்கு எட்டு மணிதான் ஆகியிருக்கும். சீக்கிரம் வைத்துவிட்டான் என்று வருத்தப்படாதீர்கள்.

அடுத்த மாதம் கிளம்புகிறேன். என்ன எடுத்துப்போகலாம்?

இரவுக்குக் கம்பளி உள்ளாடை, கூடுதல் காலுறை, உதட்டு வெடிப்புக்குக் களிம்பு. புழுதி எல்லாவற்றிலும் புகும், ஆகவே ஒவ்வொரு பொருளையும் ஜிப் பையில் போடுங்கள். கடைசியில் கிடைக்கும் ஓய்வு நாளில் ராக்ஹேம்ப்டன் கடைகளோடு நின்றுவிடாமல், போக விட்டால் யெப்பூன் கடற்கரைக்கும் போய் வாருங்கள். பூட்ஸ் கழுவ அந்த பிரஷ்ஷை மறக்காதீர்கள், கடைகளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.