விக்ஸா, வேர்ட்பிரஸா, ரியாக்ட்டா: எஸ்.இ.ஓ. வேலைக்கு எதைப் படிப்பது?

எஸ்.இ.ஓ. என்பது தேடுபொறிகளில் தளம் முன்னால் வரச் செய்யும் வேலை; விக்ஸ், வேர்ட்பிரஸ், ரியாக்ட் மூன்றும் தளம் கட்டும் கருவிகள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். இணையதளத்தை எந்தக் கருவியில் கட்டினீர்கள் என்பதற்குக் கூகுள் மதிப்பெண் போடுவதில்லை. அந்தக் கருவி வெளியே அனுப்பும் எச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் மூலக் குறியீட்டைத்தான் அது படிக்கிறது. எனவே எதைக் கற்றாலும், அதிலிருந்து என்ன வெளியே வருகிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

ரியாக்ட்டில் செய்த பக்கத்தில் ரைட் கிளிக் செய்து 'வியூ பேஜ் சோர்ஸ்' திறந்து, திரையில் தெரியும் ஒரு வாக்கியத்தைத் தேடுங்கள். இல்லையென்றால், உள்ளடக்கம் முழுவதும் உலாவியில்தான் உருவாகிறது. கூகுள் அதை வரிசையில் நிறுத்திப் பிறகு இயக்கிப் பார்க்கும். ஜாவாஸ்கிரிப்ட்டை (உலாவியில் பக்கத்தை உருவாக்கும் நிரலை) இயக்காத பாட்களுக்கோ, அதாவது பக்கங்களைத் தானாகப் படிக்கும் நிரல்களுக்கோ, அது காலிப் பக்கம். நெக்ஸ்ட் ஜேஎஸ் மாதிரி சர்வரிலேயே பக்கத்தைத் தயாரிக்கும் முறையைக் கற்பது இதற்காகத்தான்.

வேர்ட்பிரஸ்ஸில் சிக்கல் வேறு. பேஜ் பில்டரும் (இழுத்துப் போட்டுப் பக்கம் கட்டும் கருவி) பிளகின்களும் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) சேரச் சேரப் பக்கம் கனத்துப்போகும். கூகுள் பார்க்கும் மூன்று அளவுகள் உண்டு: எல்.சி.பி. (திரையின் பெரிய பகுதி தெரிய ஆகும் நேரம்) 2.5 விநாடிக்குள், ஐ.என்.பி. (தொட்டால் பக்கம் பதில் தர ஆகும் நேரம்) 200 மில்லி விநாடிக்குள், சி.எல்.எஸ். (பக்கம் ஏறும்போது உள்ளடக்கம் இடம் குதிக்கும் அளவு) 0.1க்குள் இருக்க வேண்டும். மேலே வரும் பெரிய படத்துக்கும் லேசி லோடிங் (படத்தைத் தாமதித்து ஏற்றும் முறை) போட்டுவிட்டால் முதலாவது கெடும். படத்துக்கு அகலம், உயரம் தராவிட்டால் மூன்றாவது. இதையெல்லாம் சரிசெய்தும் தளம் தேடலில் வரவே இல்லையா? செட்டிங்ஸில் 'ரீடிங்' பக்கத்தில், தேடுபொறிகளைத் தவிர்க்கச் சொல்லும் கட்டத்தில் டிக் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது.

விக்ஸ் இன்று எஸ்.இ.ஓ.வுக்கு மோசமில்லை. ஆனால் கட்டிய தளத்தை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கிப்போக முடியாது. கருவி மாற்றும்போது முகவரிகளும் மாறினால், பழைய ஒவ்வொன்றையும் அதற்கு ஈடான புதிய பக்கத்துக்கு 301 (முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் குறியீடு) போட்டுத் திருப்ப வேண்டும். குறைந்தது ஓராண்டு அதை எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால் கூகுள் அவற்றை 'சாஃப்ட் 404', அதாவது உண்மையில் இல்லாத பக்கம், என்று ஒதுக்கக்கூடும். இந்த வேலை தெரிந்தவருக்கு மதிப்பு அதிகம்.

பெற்றோருக்கு: சான்றிதழ்களை அடுக்குவதைவிட ஒரே ஐந்து பக்கத் தளத்தை மூன்று கருவிகளிலும் பிள்ளையைக் கட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் கூகுளின் வேகச் சோதனைக் கருவியான பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸில் ஓட்டி எண்களைக் குறிக்கட்டும். புதுத் தளத்துக்கு உண்மைப் பயனர் தரவு இருக்காது, அதனால் ஐ.என்.பி. தெரியாது, அதற்குப் பதில் டோட்டல் பிளாக்கிங் டைமை (பக்கம் ஏறும்போது பதில் தர முடியாமல் முடங்கும் மொத்த நேரம்) பார்க்கலாம். நேர்காணலில் இந்த விளக்கத்தோடு அந்த அட்டவணையைக் காட்டட்டும்.