ஜெர்மன் பள்ளியில் பத்து மாதம்: கல்லூரிப் பணத்தை எடுக்கலாமா?

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆகஸ்டில் ஜெர்மனி போய், ஒரு குடும்பத்தோடு தங்கி, பத்து மாதம் அரசு ஜிம்னாசியத்தில் (அங்கே மேல்நிலைப் பள்ளிக்கு அதுதான் பெயர்) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விமான டிக்கெட், காப்பீடு எல்லாம் சேர்த்துக் கட்டணம் 7.2 லட்சம், இரண்டு தவணை. அவள் கல்லூரிக்கென்று ஈக்விட்டி ஃபண்டில் 11 லட்சம் வைத்திருக்கிறேன். அதை எடுப்பதா, கல்விக் கடன் வாங்குவதா? பிளாக்டு அக்கவுன்டில் 13 லட்சம் போட வேண்டும் என்கிறார் ஒரு ஏஜென்ட். உண்மையா? - வாசகர், கோவை

பதில்: முதலில் அந்த 13 லட்சத்தை மறந்துவிடுங்கள். பிளாக்டு அக்கவுன்ட் என்பது ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும் கணக்கு. அவர் சொல்வது பல்கலைக்கழக மாணவர்கள் அதில் காட்டும் 11,904 யூரோ. பரிமாற்ற மாணவிக்கு ஹோஸ்ட் குடும்பமோ திட்ட அமைப்போ செலவுக்குப் பொறுப்பேற்று, அங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி அனுப்பினால் அதுவே போதும். விசா விண்ணப்பத்துக்கு முன்பே அது கையில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கடன் வேண்டாம். கல்விக் கடன் வட்டிக்கான வரிச்சலுகை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கு மட்டும்தான். பழைய வரி முறையில் இருந்தாலும் இதற்குக் கிடைக்காது. கடைசியில் பர்சனல் லோன் வட்டிதான் கட்டுவீர்கள்.

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் கிடையாது. செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கைச்செலவு மாதம் 150 யூரோ, பத்து மாதத்துக்கு 1,500. வகுப்புச் சுற்றுலா ஒன்றுக்கு 400. பஸ், ரயிலுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதம் 63 வீதம் 630. மாணவர் பாஸ் கிடைத்தால் இது குறையும். மொபைலுக்கு 120, குளிர்கோட்டுக்கும் ஷூவுக்கும் 200, வசிப்பு அனுமதிக்குச் சுமார் 50. மொத்தம் 2,900. ஒரு யூரோ 110 ரூபாய் என்று வையுங்கள்: 3.19 லட்சம். ஆக, உங்கள் உண்மைச் செலவு 10.4 லட்சம். ஃபண்டில் மிஞ்சுவது 60,000 ரூபாய்தான்.

அவள் திரும்பி வந்து பதினொன்று, பன்னிரண்டு முடித்துக் கல்லூரி சேர ஏறக்குறைய மூன்று வருடம் இருக்கிறது. மாதம் 25,000 ரூபாய் ஆர்டியில் போட்டால், 7% வட்டியில் 36 மாதத்தில் சுமார் 10 லட்சம் சேரும். இத்தனை குறுகிய காலத்துக்கு மறுபடி ஈக்விட்டி வேண்டாம். இந்த 25,000 உங்களால் முடியுமென்றால் தைரியமாக அனுப்புங்கள். முடியாதென்றால் அரையாண்டுத் திட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். மொழி பிடிபடும் நேரத்தில் திரும்ப வேண்டிவரும் என்பதுதான் அதில் குறை.

ஃபண்டை ஒரே நாளில் விற்காதீர்கள். ஈக்விட்டியின் நீண்டகால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரியில்லை, அதற்கு மேல் 12.5%. முதல் தவணைக்கு மார்ச் 31-க்குள் ஒரு பகுதி, இரண்டாவதுக்கு ஏப்ரலில் மறுபகுதி என்று விற்றால் விலக்கு இரண்டு முறை கிடைக்கும்.

நீங்கள் நேரடியாக அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 லட்சத்தைத் தாண்டாததால் டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள். வங்கிப் படிவத்தில் அனுப்பும் கட்டணம் யார் பொறுப்பு என்ற இடத்தில் 'OUR' (கட்டணம் முழுதும் அனுப்புபவருடையது) என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் இடைவங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் கொடுக்கும். ஹோஸ்ட் அம்மாவுக்கு 400 போக வேண்டிய இடத்தில் 380 போனால் உங்களுக்குத்தான் சங்கடம்.

கார்டு மெஷினிலும் ஏடிஎம்மிலும் 'யூரோவா, ரூபாயா' என்று கேட்கும். எப்போதும் யூரோ. ரூபாயை அமுக்கினால் மெஷின்காரர் வைத்த விலையில் மாற்றிவிடுவார். டாய்ச்லாண்ட் டிக்கெட் மாதச் சந்தா என்பதையும் மகளிடம் சொல்லிவையுங்கள். ஊர் திரும்பும் மாதத்தின் 10-ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும்.

காப்பீட்டில் மருத்துவம் மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். அடுக்குமாடிக் கட்டடங்களில் தெருக்கதவுக்கும் வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பூட்டு அமைப்பு இருக்கும். ஒரு சாவி தொலைந்தால் எல்லாப் பூட்டும் மாற்ற நேரிட்டு, பில் ஆயிரக்கணக்கான யூரோவைத் தொடலாம். ஆகவே பிறருக்கு நேரும் இழப்புக்கான பொறுப்புக் காப்பீடும், அதில் சாவி தொலைவதற்கான பிரிவும் உண்டா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள்.

இங்கே பதினொன்றாம் வகுப்பு இடத்தையும் இப்போதே பேசிவையுங்கள். சிபிஎஸ்இ பள்ளியென்றால் ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கிவிடும், மகளோ ஜூன், ஜூலையில்தான் வருவாள். இடம் வைத்திருக்கக் கட்டணம் கேட்டால் அதையும் 10.4 லட்சத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.